பூனைக்குட்டியும் குரங்குக்குட்டியும்

ஆகாய விமானத்தை நாம் எல்லோரும் அண்ணாந்து பார்த்தே பழகியவர்கள். குனிந்து பார்க்கும் பாக்கியம் மலைவாசிகளுக்கே உண்டு. ஏற்காட்டில், சேர்வராயன் மலையின் மேற்கு விளிம்பிலே நின்று ஓமலூர்ப் பக்கம் கண்ணைச் செலுத்தினால், சமவெளி முழுவதும் பாய் விரித்தாற்போல் கிடக்கும். ஏற்காட்டுக்கு ஏறத்தாழ நேர் மேற்கே, பத்து மைல் தொலைவில், கமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கிறது. ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 5,000 அடி. கமலாபுரமோ ஏறத்தாழ 1,000 அடி. ஆகவே அங்கே இறங்க வரும் விமானம், மலைமேல் நிற்பவரின் பாதங்களுக்குக் கீழே ஒரு தும்பியைப் போலப் பறந்து செல்கிறது.

அப்படிப் பறப்பது பெரிய ஜெட் விமானமன்று. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு புரொபெல்லர்கள் சுழலும் சிறு விமானம். 1993-இல் அமைந்த கமலாபுரத்து ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 1,800 மீட்டர். இந்தப் பாதைக்கும் இந்த ஊர்ப் பிரயாணிகளின் தொகைக்கும் ஏற்றது புரொபெல்லர் விமானமே. 2009-இல் கிங்ஃபிஷர் கம்பெனி சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே விமானம் விட்டது, 2011-இல் நிறுத்திற்று. 2018-இல் மத்திய சர்க்காரின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது. அதுவும் சில ஆண்டுகளில் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. கம்பெனிகள் மாறின, விமானத்தின் ஜாதி மாறவில்லை. எல்லாம் ஏ.டி.ஆர். 72 என்னும் பிரெஞ்சு-இத்தாலிய விமானமே.

இந்த விமானத்தில் ஏறப் போகிறவர்களும் வழியனுப்ப வருகிறவர்களும் ஒரு விசித்திரத்தைக் காணலாம். பிரயாணிகள் பின்புற வாசல் வழியாக ஏறிக் கொண்டிருப்பார்கள். வலது பக்கத்து எஞ்சின் இரைச்சலிட்டு ஓடிக் கொண்டிருக்கும். ஆனால் அதன் புரொபெல்லர் அசையாமல் நிற்கும்! எஞ்சின் ஓடும்போது விசிறி ஏன் சுழலவில்லை? பழுதோ? என்று பலரும் மனத்துக்குள் கலங்குவதுண்டு. பழுது ஒன்றுமில்லை. இதற்கு விடை தேடிக் கொண்டு விமானி அறைக்குள் நுழைந்தால், இன்றைய உலகத்தில் விமானம் செய்யும் பெரிய ஸ்தாபனங்களுக்கிடையே நடக்கும் ஒரு தத்துவ விவாதமே நமக்குப் புலப்படும்.

கையின் ஞாபகம்

முதலில் ஒரு சிறு உதாரணம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அந்தப் பாதையில் பல வருஷம் பஸ் ஓட்டியவர் கியர் எங்கே, பிரேக் எங்கே என்று குனிந்து பார்ப்பதில்லை. கண் சாலையில் இருக்கும். கை தானே தன் இடத்துக்குப் போகும். அவரை ஒரு நாள் வேறு கம்பெனியின் பஸ்ஸில் உட்கார வைத்தால், சமவெளியில் சமாளித்து விடுவார். எதிரே லாரி வரும் ஒரு வளைவிலே, யோசிக்க நேரமில்லாத அந்தக் கணத்திலேதான், கை பழைய இடத்தைத் தேடும்.

புத்திக்கு ஒரு ஞாபகம் உண்டு. கைக்கு வேறொரு ஞாபகம் உண்டு. அமைதியான வேளையில் புத்தியின் ஞாபகம் ஆட்சி செய்கிறது. ஆபத்து வேளையில் கையின் ஞாபகம் முந்திக் கொள்கிறது. விமானி அறையைப் பற்றி இந்தக் கட்டுரையில் நாம் சொல்லப் போவதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரையே.

1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டு சேர்த்தார். பறந்தது டி ஹாவிலண்ட் கம்பெனியின் ‘புஸ் மாத்’ என்னும் சிறு விமானம். அதில் ஒரே எஞ்சின், விமானிக்கு எதிரே சில கடிகார முகங்கள், அவ்வளவுதான். புறப்பாட்டு முறையும் எளிது. முன்னால் நிற்கும் ஒருவர் புரொபெல்லரைக் கையால் சுழற்றிவிட வேண்டும். உள்ளே இருப்பவர் அதற்குச் சரியாக ஸ்விட்சைப் போட வேண்டும். ஒருவர் சொல்வதை மற்றவர் திருப்பிச் சொல்லாமல் ஸ்விட்சைப் போட்டால், வெளியே நிற்பவரின் கை போய்விடும். சொல்வதும் திருப்பிச் சொல்வதுமான அந்தப் பழக்கம் இன்றுவரை விமானி அறையை விட்டுப் போகவில்லை.

அதன் பின் விமானங்கள் பெருத்தன, ஸ்விட்சுகளும் பெருகின. 1935 அக்டோபர் 30-இல் அமெரிக்காவில் போயிங் கம்பெனி தனது நான்கு எஞ்சின் கொண்ட புதிய குண்டு விமானத்தைச் சோதனைக்குக் கொண்டு வந்தது. ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். ஆயினும், தரையில் நிற்கும்போது வால் பகுதியைக் காற்று ஆட்டாமல் இருக்கப் போட்டிருந்த பூட்டை விடுவிக்க மறந்து போனார்கள். விமானம் எழும்பியதும் விழுந்தது, இருவர் மாண்டனர். ‘இது ஒரு மனிதன் ஞாபகம் வைத்துக் கொள்ளத் தக்க யந்திரம் அன்று’ என்பது அப்போது விளங்கிற்று. அதற்குப் பரிகாரமாகப் பிறந்ததே சரிபார்ப்புப் பட்டியல். எவ்வளவு அநுபவசாலியானாலும், ஒவ்வொரு தடவையும், ஒருவர் வாசிக்க மற்றவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். மந்திரம் பாடமாகத் தெரிந்த வைதிகரும் புஸ்தகத்தை எதிரே விரித்து வைத்துக் கொள்ளும் அடக்கம் இது.

கமலாபுரத்தில் ஒரு புறப்பாடு

இனி, நின்றிருக்கும் புரொபெல்லரின் ரகசியத்துக்கு வருவோம். தரையில் நிற்கும்போதும் விமானத்துக்கு மின்சாரம் வேண்டும். உள்ளே குளிர்ந்த காற்று வேண்டும். பெரிய ஜெட் விமானங்களில் இதற்கென்றே வாலில் ஒரு குட்டி எஞ்சின் உண்டு. ஏ.டி.ஆர். விமானத்தை வகுத்தவர்களோ சிக்கனக்காரர்கள். ‘குட்டி எஞ்சினை எதற்காகச் சுமக்க வேண்டும்? இருக்கிற எஞ்சினையே உபயோகிப்போம்’ என்று எண்ணினார்கள். வலது புரொபெல்லருக்கு ஒரு பிரேக் வைத்தார்கள். பிரேக்கைப் போட்டுவிட்டு வலது எஞ்சினைத் தொடங்கினால், எஞ்சின் ஓடும், விசிறி நிற்கும், மின்சாரமும் காற்றும் கிடைக்கும். பிரயாணிகளும் சாமான்களும் ஏறுவது இடது பக்கம் என்பதால் அந்த வேலைக்கும் இடையூறில்லை. ஹோட்டலில் இருப்பதுபோன்ற சௌகரியம் என்ற பொருளில் இதை ‘ஹோட்டல் நிலை’ என்றே விமானிகள் அழைக்கிறார்கள்.

தொடங்கும் முறையும் ரசமானது. விமானி பட்டனை அழுத்தியதும் மின்சார மோட்டார் எஞ்சினின் உட்பகுதியைச் சுழற்றத் தொடங்குகிறது. வேகம் முழு அளவில் 10 சதவீதத்தை எட்டும்போது, அவர் தம் கையாலேயே ஒரு நெம்புகோலை முதல் படிக்குத் தள்ளி எரிபொருளைத் திறந்து விடுகிறார். தீப்பற்றியதும் உஷ்ணமானி ஏறுகிறது. அது எல்லை தாண்டினால் உடனே நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்து எரிபொருளை அடைக்க வேண்டும். 45 சதவீதத்தில் மோட்டார் விலகிக் கொள்கிறது; எஞ்சின் தன் காலில் நிற்கிறது. எல்லோரும் ஏறிக் கதவு மூடியபின், இடது எஞ்சினைத் தொடங்கி, பிரேக்கை விடுவித்து, நெம்புகோல்களை அடுத்த படிக்குத் தள்ளினால் இரண்டு விசிறிகளும் காற்றைப் பிடிக்கின்றன.

அந்த நெம்புகோலின் முதல் படியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பின்னால் இதற்கு அவசியம் வரும். அதன் பெயர் ‘இறகு நிலை’. பனையோலை விசிறியைப் பக்கவாட்டில் திருப்பி வீசிப் பாருங்கள். கை அசையும், காற்று வராது. அதேபோல இறகு நிலையில் புரொபெல்லரின் தகடுகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பிக் கொள்கின்றன. சுழன்றாலும் விமானத்தை இழுக்கா. பழுதான எஞ்சினின் விசிறி விமானத்துக்குத் தடையாகாமல் இருக்க ஏற்பட்ட அருமையான வசதி அது.

ஏ.டி.ஆருக்கு நேர்ப் போட்டி கனடா தேசத்து டாஷ் 8-400 என்னும் விமானம். 1932-இல் நம் தபாலைச் சுமந்த அதே டி ஹாவிலண்ட் வம்சத்தின் கனடியக் கிளையிலே தோன்றியது. ஸ்பைஸ்ஜெட் கம்பெனி 2011 முதல் இதை நமது தேசத்தில் உபயோகித்தது. தூத்துக்குடிக்குப் பறந்தவர்கள் பலர் இதில் ஏறியிருக்கக் கூடும். வாலில் குட்டி எஞ்சின் வைத்துக் கொள்ள இதில் இடமுண்டு. ஆகவே ஒற்றை எஞ்சினை ஓட்டிக் கொண்டு நிற்கும் காட்சியை இதில் பார்க்க முடியாது. ஏ.டி.ஆரின் எஞ்சின் ஏறத்தாழ 2,500 குதிரைச் சக்தி உடையது. இதனுடையதோ ஏறத்தாழ 5,000. ஏ.டி.ஆர். மணிக்கு 510 கிலோமீட்டர் போனால், இது 660-க்கு மேல் போகும்.

அப்படியானால் எது உயர்ந்தது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேலத்திலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் 270 கிலோமீட்டருக்கு உள்ளேதான். முழு வேகத்திலேயே பறப்பதாக வைத்துக் கொண்டாலும், ஒன்றுக்கு 32 நிமிஷம். மற்றொன்றுக்கு 25 நிமிஷம். ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் அந்த ஏழு நிமிஷமும் சுருங்கிவிடும். ஏழு நிமிஷத்துக்காக இருமடங்கு பலமுள்ள எஞ்சினுக்கு எரிபொருள் வார்ப்பானேன் என்று குறுகிய தூரத்துக் கம்பெனிகள் யோசித்ததில் வியப்பில்லை. கனடா விமானத்தின் உற்பத்தி 2021-இல் நிறுத்தி வைக்கப்பட்டது, ஏ.டி.ஆருக்குச் சந்தை திறந்து கிடந்தது.

மலைநாட்டாருக்கு ஒரு சமாதானமும் இங்கே உண்டு. இவ்விரண்டு விமானங்களின் புதிய வகைகளிலும் விமானிகளுக்கு எதிரே ஐந்து பெரிய திரைகள் இருக்கின்றன. அவற்றில் சுற்றுப்புறத்து மேடுபள்ளங்கள் வர்ணங்களாகத் தெரியும். விமானம் அறியாமல் மலையை நெருங்கினால், ‘மேலே இழு’ என்று யந்திரமே குரல் கொடுக்கும். ஓடுபாதைக்குப் பத்து மைலில் 5,300 அடிச் சேர்வராயன் சிகரம் மேகத்துக்குள் மறைந்து நிற்கும் ஒரு நிலையத்துக்கு, இது சாமானிய உபகாரமன்று.

இரண்டு நியாயங்கள்

சிறிய விமானத்தை விட்டுப் பெரிய விமானத்துக்குப் போனால் விவாதம் இன்னும் கூர்மையாகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ நாம் ஏறும் ஜெட் விமானம் பெரும்பாலும் இரண்டிலொன்றாக இருக்கும்: அமெரிக்காவின் போயிங் 737, அல்லது ஐரோப்பாவின் ஏர்பஸ் ஏ-320. முன்னது முதலில் பறந்தது 1967-இல், பின்னது 1987-இல். இடையிலே இருபது வருஷம். அந்த இருபது வருஷத்துக்குள் கம்ப்யூட்டர் வெகுவாக வளர்ந்து விட்டது.

ஜீவாத்மா பரமாத்மாவை அடையும் வகையைப் பற்றி நம் வைஷ்ணவப் பெரியோர் இரண்டு நியாயங்கள் சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக் கொள்கிறது. பிடி விட்டால் விழவேண்டியதுதான். இது மர்க்கட நியாயம். பூனைக்குட்டியோ ஒன்றும் செய்வதில்லை. தாய்ப் பூனை அதன் கழுத்தைக் கவ்வி எடுத்துச் செல்கிறது. இது மார்ஜார நியாயம். தெய்வ விஷயத்தை யந்திர விஷயத்துக்கு இழுத்ததற்காகப் பெரியோர் பொறுத்தருள்வாராக. போயிங்குக்கும் ஏர்பஸ்ஸுக்கும் உள்ள பேதத்தை விளக்க இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்கவில்லை.

போயிங் 737-இல் எஞ்சின் தொடங்குவதைப் பாருங்கள். விமானி தலைக்கு மேலுள்ள ஸ்விட்சைத் திருப்புகிறார். உட்சுழற்சி ஏறுவதைக் கண்கொண்டு பார்க்கிறார். அது 25 சதவீதம் அளவுக்கு வந்ததும் எரிபொருள் நெம்புகோலை உயர்த்துகிறார். பத்து விநாடிக்குள் உஷ்ணம் ஏறாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். அதற்காக மற்றவரோடு சேர்ந்து எண்ணிக் கொண்டே இருக்கிறார். ஏறத்தாழ 56 சதவீதத்தில் ஸ்விட்ச் ‘டக்’ என்று தானே பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு படியிலும் மனிதனின் பிடி இருக்கிறது. இது குரங்குக்குட்டி.

ஏர்பஸ் ஏ-320-இல் ஒரு குமிழைத் திருப்பி, மாஸ்டர் ஸ்விட்சை ஒரு முறை மேலே தூக்கினால் போதும். காற்றுக் குழாயைத் திறப்பது, பொறி தட்டுவது, எரிபொருள் விடுவது, உஷ்ணம் மிஞ்சினால் தானே நிறுத்திவிடுவது எல்லாம் கம்ப்யூட்டரின் பொறுப்பு. விமானி பார்த்துக் கொண்டிருக்கிறார். தலைக்கு மேலுள்ள பலகையிலும் ஒரு புதுமை உண்டு. எல்லாம் க்ஷேமமாக இருந்தால் அங்கே ஒரு விளக்கும் எரியாது. விளக்கு எரிந்தால்தான் ஏதோ கோளாறு. கோளாறு நேர்ந்தால் செய்யவேண்டியவற்றின் பட்டியலும் தானே திரையில் வந்து நிற்கும். போயிங் 737-இல் அதற்குப் புஸ்தகத்தைப் புரட்ட வேண்டும். ஏர்பஸ் பூனைக்குட்டி.

பறக்கும்போதும் இப்படியே. போயிங்கில் இரண்டு விமானிகளுக்கும் எதிரே பெரிய பிடிச் சக்கரங்கள் உண்டு. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும்; ஒருவர் செய்வதை மற்றவரின் கை அறியும். ஏர்பஸ்ஸிலோ பக்கவாட்டில் ஒரு சிறு பிடி. ஒருவருடையது அசைந்தால் மற்றவருடையது அசையாது. போயிங்கில் கம்ப்யூட்டர் எஞ்சின் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் நெம்புகோல்கள் முன்னும் பின்னும் நகர்ந்து காட்டும். ஏர்பஸ்ஸில் அவை வைத்த இடத்திலேயே நிற்கும். மறுபுறம், விமானி தவறுதலாக மூக்கை அளவுக்கு மேல் தூக்கினாலும், இயல்பான நிலையில் ஏர்பஸ் கம்ப்யூட்டர் எல்லைக்கு அப்பால் போக விடாது. தாய்ப் பூனை கவ்விக் கொள்கிறது.

எது மேலான நியாயம்? இரண்டையும் பின்பற்றிக் கோடிக்கணக்கானோர் சுகமாகப் பிரயாணம் செய்திருக்கிறார்கள். ஆகவே கேள்வியே தவறு. விபத்துக்களின் சரித்திரம் நம்மைக் கேட்பது வேறு கேள்வி: உட்கார்ந்திருப்பவருக்குத் தாம் எந்தக் குட்டி என்பது தெரியுமா?

மயக்கத்தின் விலை

1990 பிப்ரவரி 14. இந்தியன் ஏர்லைன்ஸ் கம்பெனி ஏ-320 விமானங்களை வாங்கத் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அதன் விமானிகள் பலர் போயிங் 737-இல் கை பழகியவர்கள். பம்பாயிலிருந்து பெங்களூர் வந்த அந்த விமானம், பட்டப்பகலில், தெளிவான வானிலையில், பழைய விமான நிலையத்தின் ஓடுபாதையை எட்டாமல் கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் மாண்டனர். விசாரணையில் தெரியவந்தது இது: கம்ப்யூட்டர், எஞ்சின்களை அடக்கி வைத்து இறங்கும் ஒரு முறையில் இருந்தது. அந்த முறையில் அது வேகத்துக்காக எஞ்சினை முடுக்காது. வேகம் குறைந்து கொண்டே போனதை விமானிகள் உரிய காலத்தில் கவனிக்கவில்லை. எஞ்சின் அடங்கிக் கிடக்கிறது என்று கைக்குச் சொல்ல அங்கே நகரும் நெம்புகோல் இல்லை. கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தாய்ப் பூனை கவ்விக் கொண்டிருக்கிறது என்று குட்டி நினைத்தது. அந்த நிமிஷத்தில் அது கவ்வியிருக்கவில்லை.

இதற்கு நேர்மாறானது 2018, 2019 ஆண்டுகளின் கதை. ஏர்பஸ் கம்பெனி தனது ஏ-320-க்குப் புதிய, சிக்கனமான எஞ்சின்களைப் பொருத்தியது. போட்டிக்கு போயிங்கும் பழைய 737-லேயே பெரிய எஞ்சின்களை மாட்டி ‘மேக்ஸ்’ என்று பெயரிட்டது. பழைய விமானிகளுக்கு மீண்டும் நீண்ட பயிற்சி வேண்டாதபடி, புதிய விமானமும் பழையது போலவே கைக்குத் தோன்ற வேண்டும் என்று விரும்பினார்கள். அதற்காக மூக்கைத் தானே கீழே தள்ளும் ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டை உள்ளே வைத்தார்கள். விமானிகளின் கையேட்டிலே அதை விளக்கவில்லை. ஒரு கருவி தவறான தகவல் கொடுத்ததும் அந்த ஏற்பாடு மூக்கை மீண்டும் மீண்டும் கீழே அழுத்திற்று. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேர். 2019 மார்ச்சில் எதியோப்பியாவில் 157 பேர். குரங்குக்குட்டி என்று நம்பித் தன் பிடியை இறுக்கியவர்களின் கழுத்தை, இருட்டிலே ஒரு பூனை கவ்வியிருந்தது. உலகமெங்கும் அவ்விமானங்கள் நிறுத்தப்பட்டன. நமது தேசத்தில் 2021 ஆகஸ்டில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது.

நமது சேலத்து விமானத்தின் இனத்துக்கும் ஒரு துயரப் பாடம் உண்டு. ஏ.டி.ஆர். முழுக்க முழுக்கக் குரங்குக்குட்டி. எஞ்சின் நெம்புகோலைத் தானே நகர்த்தும் கம்ப்யூட்டர் அதில் கிடையாது. 2023 ஜனவரி 15-இல் நேபாளத்தின் போக்ராவில் இறங்க வந்த ஏ.டி.ஆர். 72 ஒன்று வீழ்ந்து, அதிலிருந்த 72 பேரும் மாண்டனர். அவர்களில் ஐவர் இந்தியர். இறங்குவதற்காக இறக்கையின் பின்மடலை விரிக்கும் நெம்புகோலை இழுக்க வேண்டிய சமயத்தில், அதற்கு அருகிலிருந்த எஞ்சின் நெம்புகோல்கள் இரண்டையும் கை இழுத்துவிட்டது என்று விசாரணைக் குழு கண்டது. இரண்டு புரொபெல்லர்களும் இறகு நிலைக்குப் போய்விட்டன. எஞ்சின்கள் ஓடிக் கொண்டே இருந்தன, விசிறிகள் இழுக்கவில்லை. கமலாபுரத்தில் எஞ்சினைத் தொடங்கும்போது நன்மை செய்யும் அதே படி, ஆகாயத்தில் யமனாயிற்று.

2025 ஜூன் 12-இல் ஆமதாபாதில் நேர்ந்த பெருந்துயரத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏர் இந்தியாவின் போயிங் 787 விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேரும், தரையில் பத்தொன்பது பேரும் உயிரிழந்தனர். புறப்பட்ட சில விநாடிகளில் இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் ஸ்விட்சுகளும், ஏறத்தாழ ஒரு விநாடி இடைவெளியில், ‘ஓடு’ என்னும் நிலையிலிருந்து ‘அடை’ என்னும் நிலைக்கு மாறியதாக முதற்கட்ட அறிக்கை கூறிற்று. எப்படி மாறின என்பதை அவ்வறிக்கை தீர்மானிக்கவில்லை. ஊகித்துப் பழி சுமத்துவது மாண்டவர்களுக்கு நாம் செய்யும் அபசாரமாகும். எஞ்சினைத் தொடங்கும் ஸ்விட்சே அதை நிறுத்தும் ஸ்விட்சும் ஆகும் என்ற உண்மையை மட்டும் மனத்தில் கொள்வோம்.

நமது தேசத்தின் கடமை

2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்கள் வாங்கப் போவதாக அறிவித்தது: ஏர்பஸ்ஸிடம் 250, போயிங்கிடம் 220. அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ ஏர்பஸ்ஸிடம் 500 விமானங்கள் கேட்டது. இவ்வளவு விமானங்களை வாங்கும் தேசத்தில், நாமே வகுத்த பெரிய பிரயாணி விமானம் ஒன்று உண்டா? 1961 நவம்பர் 1-இல் கான்பூரில் சேர்த்துப் பொருத்திய ஆவ்ரோ விமானம் பறந்தது. அதன் வடிவம் பிரிட்டிஷாருடையது. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமின் திப்ருகரிலிருந்து அருணாசலத்துப் பாஸிகாட்டுக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற டார்னியர் விமானமும் கான்பூரில் செய்ததே, வடிவம் ஜெர்மானியருடையது.

நாமே வகுத்தது ‘ஸரஸ்’ என்னும் சிறு விமானம். பெங்களூரிலுள்ள தேசிய விமான ஆய்வுக்கூடத்தார் அதை 2004 மே 29-இல் முதலில் பறக்கவிட்டனர். 2009 மார்ச் 6-இல் அதன் இரண்டாவது மாதிரி பிடதிக்கு அருகே விழுந்தது. விமானப் படையைச் சேர்ந்த மூன்று வீரர்கள் உயிர் நீத்தனர். அன்று நடந்த சோதனை என்ன தெரியுமா? பறக்கும்போதே ஓர் எஞ்சினை நிறுத்தி மீண்டும் தொடங்கும் சோதனை! உலோகம் உடையவில்லை, வகுத்துக் கொடுத்த மறுதொடக்க முறையே தவறு என்று விசாரணை கண்டது. ஒரு காகிதத்தில் எழுதிய வரிசை பிழைபட்டதற்கு மூன்று உயிர்கள் விலையாயின.

சுதேசி விமானம் வேண்டும் என்று நாம் ஆசைப்படுவது நியாயமே. ஆனால் விமானம் என்பது அலுமினியமும் எஞ்சினும் மட்டுமன்று. எந்த ஸ்விட்சை எந்த ஸ்விட்சுக்கு அருகே வைப்பது, எதற்குப் பூட்டுப் போடுவது, எந்த வேலையை மனிதனுக்கும் எதை யந்திரத்துக்கும் கொடுப்பது, களைத்துப் போன மனிதனின் கை இருட்டில் எங்கே போகும் என்ற விசாரமும் அதில் அடங்கும். போயிங்கும் ஏர்பஸ்ஸும் நீண்ட காலமாகப் பல உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் அது. நமது பொறியியல் கல்லூரிகளில் இரும்பின் பலத்தைக் கணக்கிடக் கற்பிக்கிறோம். மனிதனின் மறதியைக் கணக்கிடவும் அதே சிரத்தையுடன் கற்பிக்க வேண்டும். விமானக் கம்பெனிகளும், ஒரு வகை விமானத்திலிருந்து மறு வகைக்கு மாறும் விமானிக்குப் பயிற்சி நாட்களைக் குறைத்து லாபம் பார்க்க எண்ணலாகாது. பெங்களூர்க் கோல்ஃப் மைதானத்தின் பாடத்தை நாம் இரண்டாம் முறை படிக்க வேண்டியதில்லை.

பிரயாணிகளாகிய நமக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. கதவு மூடிய பின்னும் விமானம் அசையாமல் நிற்கும் அந்தச் சில நிமிஷங்களில் நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுக்கிறோம். அப்போது முன்னறையிலே இருவர், நூறு முறை செய்த காரியத்தை முதல் முறை செய்கிறவர்களைப் போல, ஒருவர் வாசிக்க மற்றவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்லிக் கொண்டிருக்கிறார்கள். அந்தத் தாமதத்துக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.